வெள்ளிக்கிழமை விட்டுப்போன மூட்டை

தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு பள்ளிக்கூடங்களை உடனே திறக்கவில்லை. ஆசிரியையான நானும் என் இரண்டு பிள்ளைகளும் கிளிநொச்சி வீட்டிலேயே அடைந்து கிடந்தோம். தொலைக்காட்சியில், குண்டு வைத்த முதுகுப் பையோடு ஒரு முஸ்லிம் இளைஞன் தேவாலயத்துக்குள் நடந்து போவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மதியம் புடைவை வியாபாரி வந்தார். வவுனியாப் பக்கத்து முஸ்லிம். ஏழு வருடமாக மோட்டார் சைக்கிளில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு வருபவர். வெள்ளிக்கிழமைகளில் மூட்டையை எங்கள் விறாந்தையில் வைத்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போவார்.

“அக்கா, தொழுதிட்டு ஓடி வாறன்.”

“ஓம், வைச்சிட்டுப் போங்கோ.”

அவர் போனபின் மூட்டையைப் பார்த்தேன். வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியுமோ?”

“சீலையள்தான்.”

“அவிட்டுப் பாத்தனீங்களோ?”

நான் பார்த்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே நிற்கப் பயமாக இருந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். அண்ணை யாருக்கோ போன் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் ஆமிச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள்.

நீளத் தடியொன்றால் முடிச்சைக் கிளறி அவிழ்த்தார்கள். சேலைகள், பள்ளிச் சீருடைத் துணி. ஒவ்வொன்றாக உதறிப் புழுதியில் போட்டார்கள். போர்க்காலத்தில் ஒருமுறை கொழும்புச் சோதனைச் சாவடியில், நெற்றித் திருநீற்றால் தமிழ் என்று கண்டு என்னை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கி, பையிலிருந்த உடுப்புகளை இப்படித்தான் தெருவில் கொட்டினார்கள். பஸ்ஸுக்குள் இருந்த ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாபாரி தொழுகைத் தொப்பியோடு திரும்பி வந்தார். குந்தியிருந்து சேலைகளை மடிக்கத் தொடங்கினார்.

“பிள்ளையளை நினைச்சுப் பயந்திட்டன்” என்றேன், கிட்டப் போய்.

“என்ர நம்பர் உங்களிட்ட இருக்கே அக்கா. ஒருக்கா எடுத்துக் கேட்டிருக்கலாமே?”

மிச்சத்தை மடிக்க விடாமல் சிப்பாய்கள் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள் விசாரித்து விடுவித்ததாகப் பிறகு அறிந்தேன்.

சேலைகளை நான் புழுதி தட்டி மடித்து வைத்திருந்தேன். ஒரு கிழமை கழித்துத்தான் போன் எடுக்கத் துணிவு வந்தது. அவருடைய மனைவி பேசினார்.

“அவர் இனி அந்தப் பக்கம் வரமாட்டார். சாமான ஆருக்காவது குடுங்க.” அதோடு வைத்துவிட்டார்.

அந்த மாதம் கோயில் திருவிழாவுக்கான ஊர்க் கூட்டம் நடந்தது. இந்த முறை முஸ்லிம்களின் வளையல் கடைகளை வாசலில் விடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அண்ணை எழும்பி என்னைக் காட்டினார்.

“டீச்சர் விழிப்பா இருந்தபடியால்தான் எங்கட ஒழுங்கை தப்பினது.”

மூட்டைக்குள் துணி மட்டும்தான் இருந்தது என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் பாதிப் பேருக்கும் தெரியும். கைதட்டினார்கள். மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, ஓமென்று தலையாட்டிவிட்டு இருந்துவிட்டேன்.