ரூபன் பார்க்காத தாள்

ரூபன் எஸ்கமியாவுக்குப் பூட்டுதான் பிழைப்பு. டெக்சாஸில் எங்கள் ஊரில், என் டயர் கடைக்குப் பக்கத்துக் கடையில், இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்தான். குடியிருப்பவரை வெளியேற்றப் பூட்டு மாற்ற வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், நீதிபதி கையெழுத்துப் போட்ட தாளை முதலில் கேட்பான். அதை வேனின் மேல் விரித்துப் படம் எடுத்த பிறகுதான் டிரில்லைத் தொடுவான்.

"வந்துட்டாருய்யா வக்கீலு!" என்று மேனேஜர்கள் நக்கலடிப்பார்கள். இவன் அசைய மாட்டான்.

ஒரே ஒரு சனிக்கிழமை அசைந்துவிட்டான்.

அன்று கூப்பிட்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஹாஸ்கின்ஸ் நின்றிருந்தான். ஊர்ப் போலீஸ்காரன். அன்று அவனுக்கு விடுமுறை. குடியிருப்பை நடத்தும் கம்பெனி மணிக்கு இவ்வளவு என்று பேசி அவனை வரவழைத்திருந்தது. எங்கள் ஊரில் இது சகஜம். விடுமுறை அவனுக்கு மட்டும்தான். சீருடை, துப்பாக்கி, போலீஸ் கார் எல்லாம் வேலைக்கு வந்திருந்தன.

"பேப்பர் எங்க சார்?"

"நான்தான்யா பேப்பர். கழட்டு."

தாள் காருக்குள் இருக்கும் என்று நினைத்தானாம். அப்படித்தான் என்னிடம் சொன்னான். பூட்டைக் கழற்றிவிட்டான்.

அது வெர்னெல் பிக்கெட்டின் வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மேல்மாடிக் கழிவறைத் தண்ணீர் தன் சமையலறைக் கூரை வழியாகச் சொட்டுகிறது என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம். கம்பெனி அவள்மேல் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தது. துவைத்த துணிக்கூடையோடு ஓடி வந்தவள் கத்தினாள்.

"செவ்வாய்க்கிழமைதானேடா கேஸு! ஜட்ஜு இன்னும் என் மூஞ்சியக்கூடப் பாக்கலியே!"

ஹாஸ்கின்ஸ் அவள் கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டி, நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்தான். கூலிக்கு வந்த இருவர் மெத்தை, பாத்திரம், உள்பாவாடை என்று எல்லாவற்றையும் புல்லில் எறிந்தார்கள். அவளுடைய இன்சுலின் வெயிலில் கிடந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் அவள் கண்ணெதிரே மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெர்னெல் மூன்று பேர்மேல் வழக்குப் போட்டாள்: கம்பெனி, ஹாஸ்கின்ஸ், ரூபன். சாட்சி சொல்லும் வாரத்தில் ஹாஸ்கின்ஸ் ரூபனின் கடைக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பேப்பரப் பாத்தேன்னு சொல்லிடு. கம்பெனியும் அதத்தான் சொல்லப்போவுது. உன் பூட்டு வேல லைசன்ஸ் தப்பிக்கும்."

"சொல்லலன்னா?"

"எனக்கு ஒரு மயிரும் ஆவாது. உன்ன நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

அந்தப் பொய்யைச் சொன்னால் வெர்னெலின் வழக்கு அங்கேயே செத்துவிடும். சொல்லாவிட்டால் ரூபனின் தொழில் போய்விடும். நான் அவனுக்கு எந்தப் புத்தியும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியமில்லை.

கூண்டில் ஏறி ரூபன் சொன்னான்: "பேப்பர் எங்கன்னு கேட்டேன். ஆனா எந்தப் பேப்பரையும் பாக்கல சார். யூனிஃபார்மத்தான் பாத்தேன்."

தீர்ப்பு வந்தது. விடுமுறையில் இருந்தாலும் ஹாஸ்கின்ஸ் சீருடையில் போலீஸ்காரனாகவே நடந்துகொண்டான், ஆகவே அவனுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவன்மேல் வழக்கு செல்லாது. போலீஸை நம்பித்தான் செய்தோம் என்று கம்பெனியும் நழுவிக்கொண்டது. கூலி வாங்கும்போது தனி ஆள், கேள்வி வந்ததும் அரசாங்கம். தூ! இதற்குப் பெயர் சட்டமாம். வழக்கில் மிஞ்சியது பூட்டுக்காரன் ஒருவன்தான். அவன் லைசன்ஸைப் பிடுங்கினார்கள்.

வெளியே படிக்கட்டில் வெர்னெல் நின்றிருந்தாள். ரூபன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"என்ன, உண்மையச் சொன்னதுக்கு நன்றி சொல்வேன்னு நிக்கிறியா?"

"இல்லக்கா."

"அந்தப் போலீஸு எவன் கூலி குடுத்தாலும் போய் நிக்கிறவன். நீ அப்படியா? பேப்பரக் கேட்டியாமே. அப்ப, கேக்கணும்னு உனக்குத் தெரியும்ல?"

ரூபன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"தெரியும்க்கா" என்றான்.