ஓரத்தில் எழுதியவர்

அப்பாவைத் தெருவில் எல்லோரும் 'ரிஜிஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். பங்குக் கோயில் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் எழுத்தர். யார் பிறந்தாலும், யாருக்குக் கல்யாணம் ஆனாலும், யார் போய்ச் சேர்ந்தாலும் அவர் பேனாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அம்மா வைத்த பெயர் வேறு: கல்லுளிமங்கன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

அலுவலகத்தில் மட்டும் பேசுவார். அந்த அறை இன்றும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உயரத்தில் ஒரு ஜன்னல், அதன் கீழே இரும்பு பீரோ, உள்ளே தோல் அட்டை போட்ட ஞானஸ்நானப் புத்தகங்கள். திறந்தால் அந்துருண்டை வாசனை குப்பென்று வரும். பரம்பரையைத் தேடிக்கொண்டு யாராவது வந்துவிட்டால் போதும், மனிதர் ஆளே மாறிவிடுவார்.

"தாத்தா எப்பங்க பொறந்தாரு?"

"நல்ல மழைக்காலம்னு சொல்லுவாங்க ஐயா."

"எந்த வருஷத்து மழைங்க?" சிரிக்காமல்தான் கேட்பார். ஆனாலும் அரை மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார். "இந்தாங்க, இது தண்ணி ஊத்தின நாள். பொறந்த நாள் பக்கத்துக் கட்டத்துல இருக்கு, மாத்தி எழுதிக்காதீங்க. கொழந்தையத் தூக்கிப் பிடிச்ச ஞானத்தாய் பேரையும் விட்டுடாதீங்க. முக்காவாசி அது அத்தையாவோ சித்தியாவோ இருக்கும். அவங்களப் பிடிச்சுப் போனா இன்னொரு கிளை கெடைக்கும்."

பிரமாதமான மனிதர்தான், அடுத்தவர் குடும்பத்துக்கு. எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை முறிந்தபோது அவர்தான் கோடரியோடு நின்றார்.

அக்கா அவருக்குச் செல்லம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர் பேனாவைக் கழற்றிக் கழுவி மை நிரப்புவது அவள் வேலை. நான் தொட்டால் கை தட்டிவிடப்படும். அப்போது வயிறு எரிந்தது. இப்போது அந்தச் சாயங்காலங்களில் ஒன்றாவது திரும்பி வராதா என்றிருக்கிறது. அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்ன அன்று எல்லாம் முடிந்தது. அப்பா வேறு இடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். "போறதுன்னா போ. அப்புறம் இந்த வாசப்படியை மிதிக்காத" என்றார். அவள் போய்விட்டாள். "இனிமே இந்த வீட்ல அவ பேச்சே வேணாம்" என்று எங்களிடம் சொன்னார். அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதன் பிறகு தேடாத இடமில்லை. அச்சகத்தை மூடிவிட்டிருந்தார்கள், முதலாளியும் உயிரோடு இல்லை. அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. "பெரியவ இருக்காளா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்டி" என்று தினமும் கேட்பாள்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் என் மகன், குடும்ப வரலாறு எழுதப்போகிறேன், எல்லோருடைய ஞானஸ்நானப் பதிவும் வேண்டும் என்று கிளம்பினான். அலுவலகத்துக்குப் போனேன். அப்பாவின் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண். பொறுமையான பெண். அப்பாவுடையது, என்னுடையது எல்லாம் எழுதிக்கொண்ட பிறகு அக்காவின் பக்கத்தையும் திருப்பினாள்.

பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. அப்பாவின் எழுத்து. மாப்பிள்ளை பெயர், தேதி, கோயில், ஊர். அக்கா வீட்டை விட்டுப் போய் ஐம்பதாவது நாள். பஸ்ஸில் போனால் நாலு மணி நேரத்தில் இருக்கிற ஊர்.

"இது என்னம்மா?"

"வேற பங்குல கல்யாணம் ஆச்சுன்னா அங்கேருந்து கடிதம் வருங்க. அதை ஞானஸ்நானப் பதிவோட ஓரத்துல எழுதி வைப்போம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா அழுததையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்ட மனிதர்! அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"அதுக்கு முன்னாடியே ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கணுங்க. ஞானஸ்நானச் சான்றிதழ் இங்கேருந்து போகாம கோயில்ல கல்யாணமே நடக்காது. அப்ப இங்க எழுத்தர் அவர் ஒருத்தர்தானே?"

சான்றிதழ் கேட்டு வந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் கேட்பார் கிடையாது. அவர் கிழிக்கவில்லை. பீரோவைத் திறந்து, அவள் பக்கத்தைத் தேடி, சான்றிதழ் எழுதி அனுப்பிவிட்டு, சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறார். அவரைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவர் இல்லை.

அந்தப் பெண்ணே அந்த ஊர்க் கோயிலுக்குப் போன் போட்டாள். அக்கா இன்னும் அதே பங்கில்தான் இருக்கிறாள் என்றார்கள். என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போன் அடித்தது. குரல் கரகரத்துப் போயிருந்தது, ஆனால் அக்காதான். எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொன்னேன்.

"அப்பா கையெழுத்துல சான்றிதழ் வந்துச்சுடி. அவருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கே தெரியும்னுதானே நெனச்சேன். வாசல்ல எந்த வண்டி நின்னாலும் ஓடிப்போய்ப் பாப்பேன். இத்தன வருஷம் நீங்க ஒருத்தருமே வரலயே."

போனை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு யாருமே சொல்லலடி கண்ணு," என்றாள். "தெரிஞ்சிருந்தா நான் நடந்தே வந்திருப்பேன்."