பொன்னாடையோடு பாடிய பின்பாதி

நான் பாடுவது ஸ்பெயின் நாட்டின் பழைய பிளமென்கோ. அதற்கு அடியில் கணினியில் செய்த டிரம் ஓடும். கனடாவில், மல்வேர்னில் பிறந்த தமிழ்ப் பெண்ணுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டுக் கேட்டே சொந்தக்காரர் களைத்துவிட்டார்கள். அம்மா மட்டும் களைக்கவில்லை.

"உது பாட்டோ, பல்லுக்குத்தோ?" என்பார். நான் பேஸ்மென்டில் பாடத் தொடங்கினால், மேலே குசினியில் வேண்டுமென்றே கிரைண்டரைப் போடுவார்.

அம்மா ஒரு தடவையாவது என் பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும். யார் யாரோ கைதட்டியும் அந்த ஆசை எனக்குத் தீரவில்லை. அதனால், பக்கத்து வோபர்னில் அம்மாவின் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் பாடச் சொல்லிக் கேட்டதும் துள்ளிக்குதித்து ஒப்புக்கொண்டேன். அம்மா தப்ப முடியாது. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ரோல்ஸ் சிற்றுண்டி அவருடைய பொறுப்பு.

என் பாட்டின் நடுவில் ஒரு மௌனம் உண்டு. அழுது இழுத்துச் சட்டென்று நிறுத்திவிட்டு, மனதுக்குள் பன்னிரண்டு எண்ணுவேன். பிறகு காலடியில் இருக்கும் பட்டனை மிதித்தால் டிரம் இடிபோல விழும். பாட்டின் உயிரே அந்தப் பின்பாதிதான்.

நிறுத்தினேன். மூன்று எண்ணுவதற்குள் சங்கத் தலைவர் பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். மேடையில் ஒருவர் சும்மா நின்றால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது, போர்த்திவிடுவார்கள். செயற்குழு முழுவதும் படத்துக்கு வரிசைகட்டியது. செயலாளர் மைக்கைப் பிடித்து நன்றியுரையைத் தொடங்கினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ!" ரோல்ஸ் தட்டுகளுக்குப் பின்னால் அம்மா. "பாட்டு இன்னும் முடியேல்லை. அவள் பன்னிரண்டு எண்ணோணும். நீங்கள் குழப்பிப்போட்டியள். பிள்ளை, திருப்பி எண்ணு!"

என்னால் எண்ண முடியவில்லை. அம்மாவே விரல் மடக்கி உரக்க எண்ணினார். பன்னிரண்டில் மிதித்தேன். டிரம் விழுந்த அதிர்ச்சியில் செயலாளர் நன்றியுரைத் தாளைக் கைவிட்டார். பொன்னாடையோடேயே மீதியைப் பாடி முடித்தேன்.

திரும்பும்போது காரில் கேட்டேன்: "கிரைண்டர் சத்தத்துக்குள்ள என்ர பாட்டு உங்களுக்கு எப்பிடியம்மா கேட்டது?"

அம்மா மடியிலிருந்த வெறும் தட்டுகளை அடுக்கினார்.

"முன்பாதி அழுகைக்குத்தான் கிரைண்டர். நீ நிப்பாட்டின உடன நானும் நிப்பாட்டிப்போட்டு, டிரம் விழுமட்டும் எண்ணுவன்."