இந்தியாவில் விட்ட பேணி

வீரகத்திக்குச் சாமி கும்பிடும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. அந்த ஆசை அவருடைய மனைவி இராசமலருக்கு. அவளுக்குத் துணையாகத்தான் அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு சாமான் குறைந்திருந்தது. கிளிநொச்சிக் குடியேற்றத்தில் அந்த வருசம் முழுவதும் அந்தக் குறைவைப் பற்றித்தான் பேச்சு.

அவர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு தோட்டக் கிராமத்தில் பிறந்தவர். அங்கே ஒரு முழம் மண்ணும் அவருடையதாக இருக்கவில்லை. பிறத்தியாரின் வெங்காயத்துக்குத் துலா மிதித்தும் பிறத்தியாரின் புகையிலைக்குத் தண்ணீர் கட்டியும் இளமை போய்விட்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டி வயல் செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இராசமலரையும் ஒரு மண்வெட்டியையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். யானைக்குத் தப்பி, மலேரியாவுக்குத் தப்பி, மூன்று ஏக்கரை வயலாக்கினார். காணி கொடுத்த அரசாங்கம் அவருடைய சாதியைக் கேட்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தவர்தான் கேட்டார்.

அந்தத் தேத்தண்ணிக் கடை கனகலிங்கத்தினுடையது. வாய்க்கால் தெருவில் கிடுகு வேய்ந்த கொட்டில். உள்ளே ஆட்கள் இருக்க இரண்டு நீள வாங்கு, ஒரு மேசை, கண்ணாடிக் கிளாசுகள். வெளியே தாழ்வாரத்தில் வரிசையாக ஆணி அடித்து, கட்டிப்பால் அடைத்து வந்த தகர டப்பாக்கள் பேணிகளாகத் தொங்கும். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள் தங்கள் பேணியைத் தாங்களே எடுத்து, தாங்களே கழுவி, வாசலுக்கு வெளியே நின்று நீட்டவேண்டும். கனகலிங்கம் பேணியில் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாய்க்கால் தண்ணீர் வீரகத்தியின் வயலைத் தாண்டித்தான் கனகலிங்கத்தின் வயலுக்குப் போகும். வீரகத்தி கால் கழுவிய தண்ணீரில் விளைந்த நெல்லைக் கனகலிங்கம் இரண்டு வேளையும் சோறாக்கிச் சாப்பிட்டார். அதில் தீட்டு ஏறவில்லை. கிளாசின் விளிம்பில் மட்டும் ஏறிவிடுமாம். புத்தியுள்ள மனிதர் ஒருவர் இதை எப்படி நம்புகிறார் என்று கேட்கக்கூடாது. புத்தியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அந்தக் கடையில் எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

குடியேறிய புதிதில் ஒருநாள் வீரகத்தி உள்ளே போய் வாங்கில் இருந்தார். புது ஊர், புது மண், பழைய வழக்கம் இங்கே இராது என்று நினைத்துவிட்டார். "எழும்படா வீரா" என்றார் கனகலிங்கம். வீரகத்தி எழும்பிவிட்டார். கனகலிங்கம் சொன்னதைக்கூட அவர் மறந்திருப்பார். தான் எழும்பியதைத்தான் மறக்க முடியவில்லை. அந்த வாங்கில் இருந்து, ஒரு கிளாசில் குடித்து முடிக்கும்வரை எழும்பாமல் இருக்கவேண்டும். வேறு பெரிய ஆசை அவருக்கு இருக்கவில்லை.

இராசமலரின் ஆசை மதுரை. ஊர்க் கோயில்களில் வெளிவீதியில் நின்றே கும்பிட்டுப் பழகியவள் அவள். மதுரையில் எல்லாரையும் உள்ளே விடுகிறார்கள் என்று எவரோ சொன்னதிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் காலபோக நெல் வீட்டுக்கு வந்ததும், "போவம்" என்றார் வீரகத்தி.

புறப்படுவதற்கு முதல்நாள் கடைவாசலில் நின்றபோது கனகலிங்கம் கேட்டார்.

"என்னடா வீரா, இந்தியாவுக்கோ?"

"ஓம் நயினார்."

"பேணியைக் கொண்டு போ. அங்கை உனக்கெண்டு ஆர் வைச்சிருக்கப் போறான்?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வீரகத்தி தன் பேணியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இராசமலர் அதைத் தகரவேலைக்காரனிடம் கொடுத்து, விளிம்பு மடித்து, கைப்பிடி வைத்து, சாம்பல் போட்டு மினுக்கி எடுத்தாள். வெள்ளிச் சாமான் என்று சொன்னால் நம்பலாம்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். இராசமலர் கண்ணை மூடிக்கொண்டு வந்த வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டாள். வீரகத்தி கம்பியைப் பிடித்தபடி இரண்டு கரையும் தெரியாத கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் வேட்டியும் கோட்டும் போட்ட ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கடல் எந்தச் சாதிக்கும் தனி மரியாதை செய்யவில்லை என்பதை வீரகத்தி கவனித்தார்.

அக்கரையிலும் தமிழ்தான். ஆனால் வேறு தமிழ். தேத்தண்ணி கேட்டால் முழித்தார்கள், "டீயா சார்?" என்று கேட்டார்கள். இராசமலர் ஒரு கடையில் "உந்தச் சீலை நல்ல வடிவு" என்று அதன் அழகைப் புகழ்ந்தாள், கடைக்காரர், "வடிவேலுங்களா? அவர் சாப்பிடப் போயிருக்காரு" என்றார். இதெல்லாம் பெரிதில்லை. வீரகத்தியைத் தடுமாற வைத்தது அந்த "சார்". நாற்பத்தைந்து வயதுவரை டா போட்டுக் கூப்பிடப்பட்ட மனிதர் அவர். போர்ட்டர் சார் என்றான், குதிரைவண்டிக்காரன் சார் என்றான். ஒவ்வொரு முறையும் அவர் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். மதுரையில் ஒரு காப்பிக் கடையில் மேசையில் இருத்தி, பித்தளை டம்ளரில் காப்பி வைத்தபோது, கொண்டுவந்த பேணியைப் பற்றி அவருக்கு நினைவே வரவில்லை.

கோயில் வாசலில் இராசமலரின் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. வீரகத்தி காவல்காரரிடம் போய்க் கேட்டார்.

"நாங்கள் உள்ளுக்குப் போகலாமோ?"

"செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றார் அவர்.

அவர்களிடம் செருப்பே இல்லை. இராசமலர் அழுதுகொண்டு உள்ளே போனாள், அழுதுகொண்டே வெளியே வந்தாள். வீரகத்திக்குச் சிலையில் நாட்டமில்லை. கல்லைப் பார்க்க ஒரு பெண்ணை இத்தனை வருசம் வீதியில் நிறுத்தி வைத்தார்களே என்ற கோபம்தான் அவருக்கு வந்தது. அந்தக் கோபம் நல்ல கோபம். அதுவரை அவரிடம் இருந்தது வெட்கம் மட்டும்.

மறுநாள் அழகர்கோயிலுக்குப் போகும் வழியில் பஸ்ஸின் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கினார்கள். தெருவோரம் ஒரு டீக்கடை. வீரகத்தி வாசலுக்கு வந்ததும் நின்றார். கூரையில் சொருகியபடி தேங்காய்ச் சிரட்டைகள் வரிசையாக இருந்தன. புளியமரத்தின் கீழ் ஒரு இளைஞன் குந்தியிருந்து சிரட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வீரகத்தியின் கை தானாகவே பைக்குள் போய்ப் பேணியை எடுத்தது. வாசலுக்கு வெளியே நின்று நீட்டினார்.

"ஏன் சார் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்ற கடைக்காரர், மினுங்கும் பேணியைக் கண்டதும் தயங்கினார். "சொந்தப் பாத்திரமா? நம்ம கிளாஸ்ல சாப்பிட மாட்டீங்களோ?"

சொந்தப் பாத்திரமா என்பது மட்டும்தான் வீரகத்தியின் காதில் விழுந்தது.

ஆமாம் என்ற பொருளில் "ஓம்" என்றார்.

கடைக்காரர் பின்னுக்கு நகர்ந்து கை கூப்பினார். உள்ளே இருந்த தலைப்பாகைக்காரரிடம், "பாத்தீங்களாண்ணே, வாயத் தொறந்தாலே ஓம்ங்கிறாரு" என்றார்.

தலைப்பாகைக்காரர் வீரகத்தியை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊருங்க?"

"சிலோன்."

"நீங்க என்ன ஆளுங்க?"

அந்தக் கேள்வி எந்த நாட்டுத் தமிழிலும் வீரகத்திக்கு விளங்கும்.

"சிலோன் ஆள்தான்."

"அதான பாத்தேன்" என்றார் தலைப்பாகைக்காரர். "சிலோன் ஆளுங்க ரொம்ப ஆசாரம். கண்டவன் தொட்ட கிளாஸத் தொடமாட்டாங்க. என் மச்சான் கண்டிப் பக்கம் தோட்டத்துல இருந்தவன், சொல்லியிருக்கான்."

கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெஞ்சை அழுத்தித் துடைத்து வீரகத்தியை இருத்தினார். பேணியில் கை படாமல் உயரத்திலிருந்து டீயை ஊற்றினார். கனகலிங்கம் ஊற்றும் அதே உயரம், அதே கவனம். பிறகு புளியமரத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலேய், தள்ளிப் போடா. அய்யா சாப்பிடுறாருல்ல."

அந்த இளைஞன் எழும்பினான். முதுகை வளைத்து, யார் முகத்தையும் பாராமல், சிரட்டையோடு எழும்பினான். வீரகத்தி தன் முதுகை முதன்முதலாக வெளியே இருந்து பார்த்தார்.

"சும்மா இருங்கோப்பா, பிறத்தியான் ஊர்" என்று இராசமலர் காதுக்குள் சொன்னாள். அவருடைய தாடை இறுகுவதை அவள் கண்டுவிட்டாள்.

"அண்ணை, இந்தப் பேணி சுத்தமோ?" என்று வீரகத்தி கேட்டார்.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க. அதத் தொடவே எனக்குக் கூச்சமா இருக்கு."

"எங்கடை ஊரிலை நானும் புளியடியிலைதான் நிக்கிறனான்" என்றார் வீரகத்தி. "இது என்ரை ஆசாரத்துக்கு வைச்சிருக்கிற பேணியில்லை. என்னை வெளியிலை நிப்பாட்டுறதுக்கு வைச்ச பேணி."

அவர் எழும்பிப் பேணியோடு புளியடிக்கு நடந்தார். இளைஞன் இன்னும் தள்ளிப் போகப் பார்த்தான்.

"நில்லும் தம்பி. பாதியை நீர் குடியும், மிச்சத்தை நான் குடிக்கிறன்."

அவன் கடையைப் பார்த்தான், பேணியைப் பார்த்தான், வாங்கிக் குடித்தான். மிச்சத்தை வீரகத்தி குடித்தார். தலைப்பாகைக்காரர் கடைக்காரரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏண்டா, நீ பெஞ்ச வேற தொடச்சியேடா."

பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. வீரகத்தி பேணியைக் கழுவி, கடைக்குள்ளே போய், கிளாசுகளின் நடுவில் வைத்தார். "வாற எல்லாருக்கும் இதிலையும் குடுங்கோ" என்றார். கடைக்காரர் பிறகு அதை என்ன செய்தாரோ தெரியாது.

பஸ்ஸில் இராசமலர் கேட்டாள், "பேணி எங்கை?"

"இனித் தேவைப்படாது."

ஊருக்கு வந்த மறுநாள் காலை கனகலிங்கத்தின் கடை நிறைந்திருந்தது. குடியேற்றத்தில் கடல் தாண்டிய முதல் ஆள் வீரகத்தி. மதுரை எப்படி, கப்பல் எப்படி என்று கேட்க எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுக்காமல் நேரே உள்ளே வந்தார்.

"பேணி எங்கையடா?" என்றார் கனகலிங்கம்.

"இந்தியாவிலை விட்டிட்டன்."

"பேணியைப் போய் விடுவானோ ஒருத்தன்?"

"அது பெரிய கதை. நிண்டுகொண்டு சொல்ல ஏலாது."

முல்லைத்தீவிலிருந்து சீலை கொண்டுவந்து விற்கும் மீராசாகிபு வாங்கில் இருந்தார். அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். வீரகத்தி இருந்தார். கனகலிங்கம் "எழும்பு" என்று வாயெடுக்கு முன்னமே, "பொறும் காணும், கதையைக் கேப்பம்" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வந்தது.

வீரகத்தி சொன்னார். கடல், கோட்டுப் போட்டவரின் வாந்தி, வடிவேலு, டயர் வெடித்தது, சிரட்டை, ஓம். கடைக்காரர் பெஞ்சைத் துடைத்த இடத்துக்கு வந்தபோது கனகலிங்கம் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மடையன். ஆளைப் பாத்துச் சாதி சொல்லத் தெரியாத விசர் மடையன்."

"ஓம் அண்ணை, தெரியாது" என்றார் வீரகத்தி. வழக்கமாக மேல்சாதியாரைக் கூப்பிடும் நயினார் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. "ஆளைப் பாத்து ஆராலையும் சொல்ல ஏலாது. அவர் பேணியைப் பாத்துத்தான் சொன்னவர். நீங்களும் அதைப் பாத்துத்தான் சொல்லுறியள்."

சிரிப்பு நின்றது. வெளியே காற்றில் பேணிகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. அன்று அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

குசினிக்குள்ளிருந்து கனகலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரி வந்தாள். கையில் ஆவி பறக்கும் ஒரு கிளாஸ். அதை வீரகத்தியின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"கதைச்சுக் கதைச்சு மனிசனுக்குத் தொண்டை காய்ஞ்சு போச்சு."

"இஞ்சை, நீ உள்ளுக்குப் போ" என்றார் கனகலிங்கம்.

"நீங்கள் சிரிச்சு முடிஞ்சுதெண்டால் போறன்."

மீராசாகிபு வெற்றிலைச் சாறு சிந்தச் சிரித்தார். வாங்கில் இருந்தவர்களில் இரண்டு பேர் எழும்பி வெளியே போனார்கள். மற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். கனகலிங்கம் போனவர்களைப் பார்த்தார், இருந்தவர்களை எண்ணினார், அடுப்படிக்குத் திரும்பினார்.

வீரகத்தி கிளாசை இரண்டு விரலால் தூக்கி, ஊதி, ஒரு மிடறு குடித்தார். எல்லாரும் அவருடைய வாயையே பார்த்தார்கள். வெளியே நின்று குடித்த எந்தக் காலத்திலும் சொல்லத் துணியாத ஒரு வார்த்தையை அவர் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, சீனி காணாது."

கனகலிங்கம் திரும்பி நின்றார். அவருடைய கை சீனிப் போத்தலின் மேல் சற்று நேரம் கிடந்தது. பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். உயரத்திலிருந்து போட்டால் சிந்திவிடும். அதனால் குனிந்து, கிளாசின் விளிம்பில் கரண்டி முட்டும்படி, அவரே போட்டுக் கலக்கினார்.

"இப்ப காணுமோ?"

"காணும்" என்றார் வீரகத்தி. "நாளைக்கும் வாறன். புளியடிக் கதை கேக்க எங்கடை ஆக்களும் வருவினம். வாங்கு ரெண்டும் காணாது, இன்னொண்டு அடியுங்கோ."

கிளாஸ் வெறுமையாகும்வரை அவர் எழும்பவில்லை.