சீட்டுக் குலுக்கிய கபடி

எங்கள் ஊரில் பொங்கல் கபடி என்றால் மேலத்தெருவும் கீழத்தெருவும் மோதுவது என்று அர்த்தம். மோதுவது என்றால் நிஜமாகவே மோதுவது. ஒரு வருஷம் மைதானத்தில் ஆரம்பித்த சண்டை ரோட்டுக்கு வந்து, ஜெயங்கொண்டம் டவுன் பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. கூடவே கீழத்தெருக்காரரான எங்கள் சித்தப்பாவின் மண்டையும் உடைந்தது. உடைத்தவர் மேலத்தெரு டீமின் கேப்டன், அரிசி மில் வைத்திருந்தவர். அப்புறம் தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, தெருவுக்கொரு பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்! கபடி நின்றுபோனது.

அதை மறுபடி நடத்தியே தீருவது என்று கிளம்பியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எங்கள் அம்மா, கிராம நர்ஸ். ஊசி போடுகிற சாக்கில் இரண்டு தெருவின் எல்லா வாசலையும் மிதித்தவள். இன்னொருவர் மேலத்தெருவின் ரிட்டயர்டு பி.டி. வாத்தியார். தெருவுக்கொரு டீம் கிடையாது, பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பது என்பது அவர்கள் திட்டம். இதற்குச் சம்மதம் கேட்டுப் போய் அவர்கள் வாங்காத ஏச்சில்லை. வீட்டுக்குள்ளேயே சித்தப்பா எகிறினார்.

"அண்ணி, என் மண்டைக்குக் கட்டுப் போட்டதே நீங்கதான். மறந்துட்டீங்களா?"

"மறக்கல தம்பி. இன்னொரு தடவ போட எனக்குத் தெம்பு இல்ல. அதான் கேக்குறேன்."

ஒரு கல் பறந்தாலும் இனி இந்த ஊரில் விளையாட்டும் கிடையாது, திருவிழாவும் கிடையாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுத்தான் அனுமதி கொடுத்தார். அதெல்லாம் எனக்கெதற்கு? கபடி வந்துவிட்டது! காலையிலேயே முந்திரித் தோப்பை ஒட்டிய மைதானத்தில் கோட்டோரமாக இடம் பிடித்துவிட்டேன்.

வாத்தியார் சீட்டைக் குலுக்கினார். சித்தப்பாவும் மில்லுக்காரரும் ஒரே டீம்! இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். "திரும்பக் குலுக்குங்க சார்" என்றார்கள். வாத்தியார் அம்மாவைப் பார்த்தார். "குலுக்குனது குலுக்குனதுதாங்க" என்றாள் அம்மா.

அதுதான் என் டீம் என்று நான் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். கபடியில் பிடிக்கிறவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்க வேண்டும். ஒரே பஸ்ஸில் காலேஜுக்குப் போகிற பையன்கள் தெரு பார்க்காமல் கோத்துக்கொண்டார்கள். நடுவில் நின்ற இந்த இருவர் மட்டும் கோக்கவில்லை. இவர் கை இவர் இடுப்பில், அவர் கை அவர் தொடையில். எதிர் டீமிலிருந்து கபடி பாடி வந்தவன், இவர்கள் அவுட்டாகித் திரும்ப உள்ளே வந்த ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்துக்குள் நுழைந்து, இருபுறமும் தொட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கோட்டுக்கு ஓடினான். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அந்த ஒரு சந்தில் ஒழுகிக்கொண்டிருந்தது!

எப்படியோ கடைசியில் இரு டீமும் சமமாகிவிட்டன. கடைசிப் பாட்டு. அவன் மூச்சுப் பிடித்து உள்ளே வருகிறான், கண் அதே சந்தின் மேல். எனக்குத் தாங்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"மாமா! சித்தப்பா கையப் புடிங்க மாமா!"

மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. எங்கள் தெருவிலிருந்து யாரும் மேலத்தெருக்காரரை முறை வைத்துக் கூப்பிட்டதே இல்லை. ஐயா என்பதோடு சரி. எனக்கோ நம் டீமில் ஆடுகிறவர் மாமா, அவ்வளவுதான். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "கபடி, கபடி" என்று அவன் பாடுவது மட்டும் கேட்டது.

மில்லுக்காரர் கையை நீட்டினார். சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டு மரம்போல் நின்றார். அட, புடிங்களேன்! அம்மாவின் விரல்களுக்குள் நான் துள்ளினேன். பாடி வந்தவன் குனிந்து பாய்ந்தான். பட்டென்று இரண்டு கையும் கோத்துக்கொண்டன. சந்து மூடியது. அவன் அந்தக் கைகளில் மோதி, சுழன்று, மண்ணில் விழுந்தான். அவன்மேல் ஏழு பேரும் விழுந்தார்கள். விசில்! ஜெயிச்சிட்டோம்! இரண்டு தெருவும் ஒன்றாகக் கத்தியதை அன்றுதான் கேட்டேன்.

மில்லுக்காரர் மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார்.

"யாரு வூட்டுப் புள்ள இது?"

அம்மா என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். "என் புள்ளதாங்க."

அவர் அம்மாவின் தோளுக்கு மேல் எட்டி என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் கத்துது. அடுத்த வருஷமும் கூட்டியாங்க நர்ஸம்மா."

வீடு வரும்வரை அம்மா என் கையை விடவில்லை. அவள் கை நடுநடுங்கிக்கொண்டே வந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கைக்கும் அதே நடுக்கம்தான். ஜெயித்தால் யாருக்குத்தான் நடுங்காது?