இடி இடிக்குது... பிளக்கைப் பிடுங்கலாமா?

இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் பயங்கள் புதிதல்ல. லிஃப்ட், பல்லி, ரிஜிஸ்டர் தபால், பின்னாலேயே வரும் லாரி... எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள் நான். ஆனால் போன சனிக்கிழமை மதியம் போடியில் என் வீட்டு முன்னறையில் நான் பட்ட பயம் இருக்கிறதே — அது வேறு ரகம்.

காரணம், எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்.

அன்று காலை அதை ஆன் செய்ததும் உள்ளேயிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவது போல. திரையில் ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டேன், மறுபடி டக் டக். எத்தனையாவது தடவையோ, முக்கி முனகி ஒருவழியாக எழுந்துவிட்டது. உடனே தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முருகேசனுக்கு போன் போட்டு, ரிசீவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

"சார், ஹார்டு டிஸ்க் போகப் போகுது. இப்ப ஓடுதுல்ல? அணைச்சுறாதீக. அணைச்சா மறுபடி எந்திரிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி எஸ்தருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள்தான் அவள் அப்பாவின் குரல் இருக்கிறது.

மாமா போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். சர்ச்சில் அவர் பாட எழுந்தால் மைக்கைத் தள்ளி வைத்துவிடுவார்கள். கடை வாசலில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியில் ஆள் திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கேன்சர் என்று மதுரையில் சொன்னார்கள். உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மாமா பிழைத்தார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார், ஆள் வேண்டுமென்றால் கை தட்டுகிறார்.

ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் எஸ்தர் அவரை இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஒரு மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறாள். நான் ஆபீஸில் இருந்தேன். மழை வந்து பாதியில் நிறுத்தினோம் என்பதைத் தவிர அவளுக்கும் எதுவும் ஞாபகமில்லை. அன்று அவள் இருந்த நிலை அப்படி. அதற்குப் பிறகு நாங்கள் அதைத் திறந்து கேட்டதே இல்லை. தைரியம் வரவில்லை. மாமா காதில் விழுந்தால் என்ன ஆவாரோ என்ற பயம் வேறு. உள்ளே இருக்கிறது... அது போதும் என்று இருந்துவிட்டோம்.

உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக இருக்கிற பொருளை ஒரே ஒரு இடத்தில் வைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று நம்புவது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம்? படித்தவர்கள்தான் இதைச் செய்கிறோம்.

அந்த ஃபைல் ஃப்ளாப்பியில் அடங்காது. பழைய பெட்டியில் சி.டி. எழுத வசதியில்லை. பென் டிரைவைச் சொருகினால், இது என்ன வஸ்து என்று அதுவே நம்மைத் திருப்பிக் கேட்கும். புதுக் கம்ப்யூட்டர் பக்கத்து மேஜையிலேயே இருக்கிறது, கை நீட்டினால் தொடலாம். ஆனால் இதிலிருந்து அதற்கு எப்படிக் கொண்டுபோவது? முருகேசன்தான் வழி சொன்னார். இரண்டு பெட்டிக்கும் பின்னால் நெட்வொர்க் கேபிள் சொருகுகிற துவாரம் இருக்கிறது. நேரடியாக ஒரு கேபிளைப் போட்டு இணைத்துவிடலாம். ஆனால் சாதாரணக் கேபிள் ஆகாது, கிராஸ் கேபிள்தான் வேண்டும்.

எஸ்தரைக் காவலுக்கு வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு தேனிக்குப் பறந்தேன். முருகேசன் என் கண் முன்னால் நீல ஒயரைச் சீவி, ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சையும் பச்சையையும் இடம் மாற்றிப் போட்டு அழுத்தினார். எதற்கு என்று கேட்டேன்.

"இது பேசுறது அதுக்குக் காதுல விழணும்ல சார். நேரா போட்டா ரெண்டும் வாயோட வாய் பேசும். கேக்க ஆள் இருக்காது."

திரும்பி வரும்போது குரங்கணி பக்கம் மலை தெரியவில்லை. ஒரே கறுப்பு. ஐப்பசி மதியம் அங்கே கறுத்தால் போடிக்கு என்ன வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து கேபிளைச் சொருகினேன். முருகேசன் சொல்லிக் கொடுத்தபடி இதற்கு ஒரு நம்பர், அதற்கு ஒரு நம்பர் கொடுத்தேன். புதுசு பழசைப் பார்க்க மாட்டேன் என்றது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். நம்பரை நேராக டைப் அடித்துப் பார்த்தேன்... வந்துவிட்டது! பழைய பெட்டியின் ஃபோல்டர், புதுப் பெட்டியின் திரையில். உள்ளே 'அப்பா' என்ற பெயரில் அந்த ஃபைல். எஸ்தர் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. காப்பி போட்டேன். காப்பி ஆகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையில் காகிதங்கள் பறக்க ஆரம்பித்தன.

அப்போதுதான் முதல் இடி.

இங்கே ஒரு விஷயம். எங்கள் வீட்டில் இடி சத்தம் கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். டி.வி., ஃபிரிட்ஜ், மிக்ஸி, எல்லாவற்றையும். மாமாவின் சட்டம் அது. குரல் இருந்த காலத்தில் கடையிலிருந்தே போன் போட்டு, பிடுங்கியாச்சா என்று கேட்பார். குரல் போனபிறகு அவரே எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்.

அன்றைக்கும் எழுந்தார். டி.வி. பிளக் போனது. ஃபிரிட்ஜ் போனது. போன் ஒயர் போனது. அடுத்து எங்கள் பக்கம் திரும்பினார்.

பிடுங்கினால் பழைய பெட்டி அணைந்துவிடும், திரும்ப எழாது. பிடுங்காமல் விட்டு மின்னல் இறங்கினால் பழசும் புதுசும் சேர்ந்தே போகும். நடுவில்தான் கேபிளைப் போட்டு நானே இரண்டையும் கட்டி வைத்திருக்கிறேனே! திரையோ, மிச்சம் சில நிமிஷம் என்கிறது, பிறகு ஒரு மணி நேரம் என்கிறது, மறுபடி நிமிஷம் என்கிறது. உள்ளேயிருந்து டக் டக்.

அடுத்த இடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எஸ்தர் பழைய பெட்டியை ஒரு கையால் கட்டிப் பிடித்தபடி அப்பாவின் வழியில் நின்றாள். இவ்வளவு நாள் மறைத்ததை அப்போது சொன்னாள்.

"அப்பா, பிடுங்கிறாதீகப்பா. ஒங்க கொரலு இதுக்குள்ள இருக்கு. மதுரைக்குப் போறதுக்கு முன்னால பேசுனீகல்ல... அது. அணைச்சா போயிரும்பா."

மாமா நின்றார். பெட்டியைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியின் மேல் இருந்த அவள் கையைப் பார்த்தார். குரல் போனால் போகிறது என்பது போல் தொண்டையைத் தொட்டு ஒரு தடவை கையை விசிறினார். அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார். குனிந்தார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

எஸ்தர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நானும்தான்.

'கீ... கீ... கீ...'

யு.பி.எஸ்! மேஜைக்கு அடியில் கிடந்த அந்தப் பேட்டரிப் பெட்டி! வாங்கிய நாளிலிருந்து கத்துவதைத் தவிர வேறு உருப்படியான வேலை எதுவும் செய்யாததால், அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன். இரண்டு கம்ப்யூட்டரும் அதில்தான் மாட்டியிருந்தன. திரையில் காகிதங்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

அடுத்து விழுந்தது சாதாரண இடி இல்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. தெரு முழுக்க கரண்ட் போனது. பக்கத்து வீட்டில் டி.வி. புகைந்ததைப் பிறகு வந்து சொன்னார்கள்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? அதிகம் தாங்காது. பழையதன் மானிட்டரை அணைத்தேன். மாமா, எஸ்தர், நான் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். யு.பி.எஸ். வேகவேகமாகக் கத்த ஆரம்பித்தது. எஸ்தர் உதடு அசைந்தது, ஜெபம் செய்கிறாள். நானும் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். காகிதங்கள் நின்றன, அந்தக் கட்டம் மறைந்தது... கத்தல் ஒரே இழுப்பாக இழுத்து ஓய்ந்தது. இரண்டு பெட்டியும் இருண்டுவிட்டன.

வந்ததா, வரவில்லையா? முழுசா, பாதியா? யாருக்குத் தெரியும்? கரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மழை விட்டு, கரண்ட் வந்தது. பழைய பெட்டி முருகேசன் சொன்னபடியே எழவில்லை. டக் டக்கூட இல்லை. புதுசைப் போட்டேன். நீலத் திரையில் எதையோ சோதிக்கிறேன் என்று சொல்லி அதுவும் கொஞ்ச நேரம் ஈரக்குலையை ஆட்டிவிட்டுத்தான் திறந்தது. ஃபைல் இருந்தது. முழுசாக.

இப்போது அடுத்த பயம். போடுவதா? மாமா பக்கத்திலேயே இருக்கிறாரே?

கை தட்டும் சத்தம் கேட்டது. மாமாதான். கம்ப்யூட்டரைக் காட்டினார். போடு என்றார், கையால்.

போட்டேன். ஸ்பீக்கர் அதிர்ந்தது. அந்தக் குரல்! என்னத்தப் பேச என்று ஆரம்பித்து, சர்ச்சில் பாடுகிற பாட்டில் இரண்டு வரி பாடி, என்னை மாப்ளே என்று கூப்பிட்டு பைக்கை மெதுவாக ஓட்டச் சொல்லி... எஸ்தர் அழுதுகொண்டே இருந்தாள். மாமா, யாரோ வேறு ஒருவர் பேசுவதைக் கேட்பது போல் தலை சாய்த்துக் கேட்டார். கடைசியில், தூரத்தில் ஒரு உறுமல். பதிவுக்குள்ளேயே இடி.

"ஆத்தா எஸ்தரு, இடிக்கிது பாரு. அத நிறுத்திட்டுத் தள்ளி நில்லு. நீ தொடாத... நான் புடுங்குறேன்."

அதோடு முடிந்தது.

எஸ்தர் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மாமாவின் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வர, சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஃபைலை இரண்டு சி.டி.யில் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்று வீட்டு பீரோவில், இன்னொன்று சென்னையில் மைத்துனர் வீட்டில். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கச் சொல்கிற மாமாவின் குரலை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் —

பிளக்கை மட்டும் சொருகியிருக்க வேண்டும்!