கேட்கும்வரை பூட்டியிருந்த மருந்து

ஒரு யூன் மாதக் காலையில் என் மாமனார் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்துப் போட்டார். அதுதான் முதல் அறிகுறி. அதுவரை பின்கதவு நிலையை ஒரு கையால் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றுதான் போடுவார். எழுபத்தைந்து வயது மனிதர் உட்கார்ந்து சப்பாத்துப் போடுவதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் வேலைக்கு ஓடினேன். நான் ஒரு நேர்ஸ் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் நடந்தது இது. நான் யாழ்ப்பாணத்துப் பெண். இங்கிலாந்தில் தாதிப் பயிற்சி முடித்து இங்கே வேலைக்கு வந்தேன். என் கணவர் டேவிட் அமெரிக்கர்; பள்ளிகளுக்கு ஆசிரியர் போதாமல் அங்கிருந்து ஆள் எடுத்த காலத்தில் வந்தவர். அவருடைய தகப்பன் அயோவா மாநிலத்தில் ஐம்பது வருடம் சோளம் விதைத்து, பன்றி வளர்த்த விவசாயி. மனைவி இறந்தபின் நிலத்தை விட்டுவிட்டு ஒரே மகனிடம் வந்து சேர்ந்தார். நான் அவரை மாமா என்றே கூப்பிட்டேன். அவர் ஊரில் அது அம்மாவைக் கூப்பிடும் சொல்லாம். முதல் நாள் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு பழகிவிட்டார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் நினைவில் அவர் எங்கட பேச்சில்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

மாமாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. சோளம் முறிக்கும் இயந்திரம் கொண்டுபோனது. கையைச் சாக்குத் துணியால் சுற்றிக்கொண்டு, மற்றக் கையால் பன்றிகளுக்குத் தீன் வைத்துவிட்டுத்தான் டொக்டரிடம் போனாராம். டேவிட் இதைப் பெருமையாகச் சொல்வார். என் அப்பாவுக்கு ஒரு முள் குத்தினால் ஒழுங்கைக் கடைசி வீடுவரை கேட்கும். ஒருவர் போடும் சத்தத்தை வைத்தே வருத்தத்தை அளந்து வளர்ந்தவள் நான். சத்தமே போடாத மனிதரை எப்படி அளப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

யூலையில் அவர் நடையில் ஒரு இழுப்பு வந்தது. இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். இடுப்பெலும்பிலும் முள்ளந்தண்டிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். புரோஸ்டேட்டில் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பி) தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது.

"நோ எப்பிடி இருக்கு?" என்று டொக்டர் கேட்டார்.

"பரவாயில்லை," என்றார் மாமா.

டொக்டர் படத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு, வருடக் கடைசி வரை இருக்கலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். எங்கள் ஆட்கள் என்றால் நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் கிசுகிசுத்திருப்பார்கள். மாமா தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "அப்ப போஞ்சி விதையை இப்பவே நடலாமோ, குளிர் விட்டபிறகோ?" என்று என்னிடம் கேட்டார்.

ஹோர்மோன் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் கதிர்வீச்சும் (புற்று வளர்ந்த எலும்பின்மேல் பாய்ச்சும் கதிர்) நடந்தது. கூடவே ஒரு போத்தல் மோர்பின் கலவை (அபினிலிருந்து எடுக்கும் வலிநீக்கி). "நோகேக்கை கேக்கச் சொல்லுங்கோ," என்றார் டொக்டர். வார்டில் இந்த மருந்தைப் பூட்டி வைப்பதுதான் ஒழுங்கு. அதே பழக்கத்தில் வீட்டிலும் குசினி (சமையலறை) அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். பூட்டின் திறப்பு என் இடுப்பில் இருந்தது.

அதே அலுமாரியின் கீழ்த்தட்டில்தான் என் சாமிப் படங்கள். மெல்பேர்னில், கேரம் டவுன்ஸில் கோயில் வர அப்போது இன்னும் பல வருடம் இருந்தது. தினமும் விளக்கு ஏற்றும்போது மேலே போத்தலையும் பார்ப்பேன். மூன்று கிழமையாகியும் மருந்து போத்தலின் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. "பாத்தீங்களோ, கதிர் வேலை செய்யுது," என்று டேவிட்டிடம் சந்தோஷமாகச் சொன்னேன். சாமிக்கு நன்றியும் சொன்னேன்.

ஒருநாள் வார்டில் முறை மாறி, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். உள்ளே ஆளைக் காணவில்லை. பின்வளவில் உடுப்புக் காயப்போடும் சுற்றுக்கம்பியின் நடுத்தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, நெற்றியை அதில் முட்டியபடி மாமா நின்றார். சட்டைக் கழுத்து வியர்வையில் தோய்ந்திருந்தது. குளிர்காலம் அது. ஒரு முனகல்கூட இல்லை.

"மாமா! என்ன செய்யுது?"

தலையை நிமிர்த்தி, முகத்தைக் கைமுட்டியால் துடைத்தார். "பரவாயில்லை பிள்ளை. கொஞ்சம் காத்து வாங்குவமெண்டு வந்தனான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "ஐயோ, நீங்கள் என்ன மனிசன்? வாய் இல்லையோ உங்களுக்கு? உள்ளுக்கு மருந்து கிடக்க, இஞ்ச தூணைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்! என்னை என்னெண்டு நினைச்சீங்கள்?" என்று தமிழிலேயே பொரிந்து தள்ளினேன். ஒரு சொல்லும் விளங்காத அந்த மனிதர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதோ?" என்றார்.

கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து மருந்து கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் அவர் தோள்கள் கீழே இறங்கின. அவை அவ்வளவு நாளும் மேலே தூக்கி நின்றதை அப்போதுதான் கண்டேன்.

"ஏன் மாமா என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீ நாள் முழுக்க வருத்தக்காரரைப் பாத்துப்போட்டு வாறாய். வீட்டிலயும் ஒராள் உன்னைக் கூப்பிட வேணுமோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினிக்குள் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இந்த மனிதரைக் கெஞ்சியோ ஏசியோ கேட்க வைக்க முடியாது என்று தெரிந்தது. அவரைப் பொறுத்தவரை, கேட்பது என்றால் இன்னொருவருக்குப் பாரமாவது. சும்மா பேச்சை மாற்றுவதுபோலக் கேட்டேன்.

"உங்கட பண்டியள் கத்தினாப் பிறகோ நீங்கள் தீன் வைக்கிறனீங்கள்?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கத்துமட்டும் விடுறதோ? காலமை ஆறு மணி, பின்னேரம் நாலு மணி. பண்டி கத்துதெண்டா வளக்கிறவன் சரியில்லை."

"அப்ப இனி இந்த மருந்தும் அப்பிடித்தான். நேரத்துக்கு. நோகுதோ இல்லையோ, வேலை வேலைதான்."

"ம்," என்றார். அவரைப் பொறுத்தவரை அது கையெழுத்துப் போட்ட மாதிரி.

அடுத்த நாள் டொக்டரிடம் போய் நின்றேன். "நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டா பழகிப்போடுமே," என்று தயங்கினார்.

"பழகினா என்ன டொக்டர்? எத்தினை வருஷத்துக்குப் பழகப் போறார்?"

அவர் பேனாவைத் திறந்தார். அலுமாரிப் பூட்டையும் கழற்றினேன்; போத்தல் மாமாவின் கைக்கெட்டும் மேசைக்கு வந்தது. இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இதை மட்டும் மனதில் வையுங்கள். வலி ஏறிவிட்டால் அதை இறக்கக் கூடுதல் மருந்து வேண்டும். ஏற விடாவிட்டால் குறைந்த மருந்தே போதும். மலச்சிக்கல் வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து கேளுங்கள். டொக்டரிடம் சண்டை பிடிக்க வேண்டி வந்தால் பிடியுங்கள்.

மாமா தன் மருந்தைத் தானே ஊற்றிக் குடித்தார். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, படுக்கப்போகும்போது கூடுதலாக ஒன்று. ஒரு நிமிடம் முந்தவும் மாட்டார், பிந்தவும் மாட்டார். மூன்றாம் நாள் இரண்டு முட்டை கேட்டுச் சாப்பிட்டார். செப்டெம்பரில் பின்படியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, டேவிட் போஞ்சி நடுவதை மேற்பார்வை செய்தார். "ஆழம் காணாது," என்று ஒவ்வொரு குழிக்கும் குறை சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் முழங்காலில் நின்று அடுத்த குழியைத் தோண்டினார்.

வலி விட்டுப்போன அந்தக் கிழமைகளில்தான் அவர் கதைக்கத் தொடங்கினார். ஒரு பின்னேரம், நான் கேட்காமலே, இறந்துபோன மாமியைப் பற்றிச் சொன்னார்.

"அவளுக்கு வயித்தில வந்தது. நான் ஒவ்வொரு காலமையும் கேக்கிறனான். பரவாயில்லை, நீங்கள் வயலுக்குப் போங்கோ எண்டுதான் சொல்லுவாள். நான் நம்பிப்போட்டுப் போறனான்." மிச்ச விரல்களால் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "விதைப்பு நேரம். நம்புறது எனக்கும் வசதியாக் கிடந்தது."

ஆறு மணி ஆனதும் எழும்பிப் போய் மருந்தைக் குடித்தார்.

ஒக்டோபரில் அவர் படுக்கையில் விழுந்தார். அவர் ஊரில் அது சோளம் முறிக்கும் மாதம். இங்கே போஞ்சி கொடி எறிந்து நின்றது. மருந்தை இப்போது நான்தான் பருக்கினேன். ஒருநாள் காலை பத்து மணிக்கு, கோப்பையோடு போய் வழக்கம்போலக் கேட்டேன்.

"எப்பிடி மாமா?"

வழக்கமான சொல்லுக்கு வாய் அசைந்தது. நிறுத்தினார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"நோகுது," என்றார். "இடது பக்க இடுப்பு. நேற்றையைவிடக் கூட."

ஒரு மனிதர் தனக்கு நோகிறது என்று சொன்னதற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஓடிப்போய் டொக்டருக்குப் போன் செய்தேன். அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். அவர் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்ல விரிவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்குப் பாரமாகக் கூடாது என்றுதான் அதுவரை தன் நோவைச் சொல்லாமல் இருந்தார்; மாமியை நம்பிவிட்டுப் பிறகு தான் பட்ட பாடு எனக்கு வரக்கூடாது என்றுதான் அன்று சொன்னார். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை மருந்துக்கும் பத்து மணி மருந்துக்கும் இடையில், வலியில்லாமல் போனார். டேவிட் ஒரு கையையும் நான் மற்றக் கையையும் பிடித்திருந்தோம்.

அதன்பிறகு பல மாதம் என் நாள் நான்கு நான்கு மணித்தியாலமாகத்தான் துண்டுபட்டுக் கிடந்தது. வார்டில் நின்றாலும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கால் தானாக ஒருமுறை நிற்கும். ஆட்களைப் பார்க்கும் என் கண்ணும் மாறிவிட்டது. வாய் சொல்வதை விட்டுவிட்டுத் தோளைப் பார்க்கிறேன், நெற்றியைப் பார்க்கிறேன்.

செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள், டேவிட் குசினி மேசையில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். வெகுநேரமாக ஒரே பக்கம் விரிந்திருந்தது. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

"எப்பிடியப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை," என்றார்.

அடுப்பை அணைத்தேன். அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.